குரலுக்கு ஆயுள் எவ்வளவு? புதுவை சொல்லும் பாடம்

வாய்ஸ்மெயிலில் வரும் செய்திக்கு ஆயுள் குறைவு. பொதுவாகத் தொலைபேசி நிறுவனங்கள் அதைக் குறிப்பிட்ட நாட்கள் வரைதான் வைத்திருக்கும், பிறகு அழித்துவிடும். இணைப்பைத் துண்டித்தால் அதுவும் சேர்ந்தே போய்விடும். "சாப்பிட்டியா? வந்ததும் போன் பண்ணு" என்ற ஒரு வரிதான் அதில் இருக்கும். பேசியவர் உயிரோடு இருக்கும்வரை யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. அவர் போன பிறகு, வீட்டிலுள்ள அத்தனை போட்டோக்களையும்விட அந்த ஒரு வரி பெரிதாகிவிடுகிறது.

அதை நிரந்தரமாகக் காப்பாற்ற முடியுமா? புதுச்சேரியின் வரலாற்றிலேயே இதற்குப் பதில் இருக்கிறது.

எடிசனின் பட்டியல்

எடிசன் 1877-ல் போனோகிராபைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டே அதன் பயன்களைப் பட்டியலிட்டு ஓர் அமெரிக்க இதழில் எழுதினார். பட்டியலில் முதலில் வந்தது பாட்டு அல்ல, கடிதத்தைக் குரலாகவே பதிவது! குடும்பத்தாரின் பேச்சையும், இறக்கும் தறுவாயில் சொல்லும் கடைசி வார்த்தைகளையும் சேமிக்கலாம் என்றார். தொலைபேசியோடு இணைத்தால், பேசியதும் மறையும் பேச்சு நிலையான பதிவாகும் என்றும் எழுதினார். வாய்ஸ்மெயில் என்ற எண்ணம் அன்றே பிறந்துவிட்டது. ஆனால் அவருடைய முதல் கருவியில் மெல்லிய தகரத் தாளில் பதிந்த குரல், சில முறை ஓட்டினாலே தேய்ந்துவிட்டது.

இந்தியாவுக்கு ஒலிப்பதிவு சீக்கிரமே வந்தது. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டுக்காகப் பதிவானது. அடுத்த சில ஆண்டுகளில் சென்னையிலும் பதிவுகள் நடந்தன.

தப்பிப்போன குரல்கள்

பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுவையில் வாழ்ந்தார். தன் பாட்டுகளைத் தானே உரக்கப் பாடியவர். பக்கத்து ஊரான சென்னையில் இசைத்தட்டுகள் விற்றுக்கொண்டிருந்த காலம் அது. ஆனாலும் அவர் குரல் நமக்குக் கிடைக்கவில்லை. அவர் பாடியதைச் சிறுவயதில் கேட்ட யதுகிரி அம்மாள் போன்றவர்கள் எழுதிய நினைவுகள்தான் மிச்சம். அவர் என்ன பாடினார் என்று தெரியும். அந்தக் குரல் எப்படி இருந்தது என்பதை யாராவது சொல்லித்தான் கேட்க வேண்டும்.

ஸ்ரீ அரவிந்தர் 1910-ல் புதுவைக்கு வந்து, 1950-ல் மறையும்வரை 40 ஆண்டுகள் இங்கேயே இருந்தார். அவர் எழுதியவை தொகுதி தொகுதியாக இருக்கின்றன. குரலோ இல்லை.

கருவி இல்லாததால் இந்த இழப்பு நேரவில்லை. பதிய வேண்டும் என்று அந்த நேரத்தில் யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

கிடைத்த குரல்

அதே ஆசிரமத்தில் ஸ்ரீ அன்னையின் கதை வேறு. 1950களில் விளையாட்டுத் திடலில் அவர் பிரெஞ்சு மொழியில் நடத்திய வகுப்புகளில் ஒரு பகுதி டேப்பில் பதிவானது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளிலிருந்து கொண்டுவந்த மண்ணை இளைஞர்கள் ஒரு தாழியில் இட்டார்கள். அன்னைக்கு அப்போது வயது 90. விழாத் திடலுக்கு அவர் வரவில்லை. புதுவையில் தன் அறையிலிருந்தே ஆரோவில் சாசனத்தைப் பிரெஞ்சில் வாசித்தார். அந்தக் குரல் நேரடி ஒலிபரப்பாகத் திடலில் கேட்டது. 1973-ல் அவர் மறைந்த பிறகும் அந்தப் பதிவு வாழ்கிறது.

டேப்பில் பதிந்துவிட்டால் போதுமா? போதாது. டேப் என்பது பிளாஸ்டிக் நாடாவில் ஒட்டிய காந்தத் துகள்தான். ஈரப்பதம் பட்டால் ஒட்டும் பசை இளகி நாடா பிசுபிசுக்கும். பழைய அசிடேட் நாடாக்கள் வினிகர் வாடையோடு சுருங்கிவிடும். கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். நாடா நன்றாக இருந்தாலும் அதை ஓட்டும் கருவி கிடைப்பது அரிது. ஆகவே பழைய குரல் பிழைக்க வேண்டுமானால் புதிய வடிவத்துக்கு மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

ரங்கப்பிள்ளை காட்டும் வழி

நகல்தான் காப்பு என்பதற்குப் புதுவையில் இன்னும் பழைய சாட்சி உண்டு. பிரெஞ்சுக் கம்பெனியின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். சரக்கு வந்ததும் கப்பல் போனதும் முதல் ஊர் வம்பு வரை அதில் இருக்கிறது. ஏறக்குறைய 85 ஆண்டுகள் அது வெளியுலகம் அறியாமல் கிடந்தது. 1846-ல் கலுவா மொம்பிரேன் அதைக் கண்டெடுத்து நகல் எடுத்தார். அரியேல் எடுத்த நகல் பாரிஸுக்குப் போனது. பிறகு சென்னை அரசு 1904 முதல் 1928 வரை ஆங்கிலத்தில் 12 தொகுதிகளாக வெளியிட்டது. நகல்கள் பல ஊர்களில் இருந்ததால்தான் அது இன்று நம் கைக்கு வந்தது.

இன்றைய குரல்கள்

அமெரிக்காவில் கார்டன் மாத்யூஸ் 1979-ல் விண்ணப்பித்த வாய்ஸ்மெயில் காப்புரிமை 1983-ல் கிடைத்தது. நம் ஊரில் வாய்ஸ்மெயில் பெரிதாகப் பரவவில்லை. மிஸ்டு கால் போதுமானதாக இருந்தது. 2013-ல் வாட்ஸ்அப்பில் குரல் செய்தி வந்த பிறகுதான் வீட்டுக்கு வீடு குரல்கள் குவிந்தன. புதுவையில் பாதிக் குடும்பம் இங்கும் பாதி பிரான்சிலும் இருக்கும் வீடுகளுக்கு அதன் அருமை தெரியும்.

காப்பாற்றும் வழி எளிது. செய்தியைச் செயலிக்கு வெளியே ஒரு கோப்பாகச் சேமிக்க வேண்டும். அந்த வசதி இல்லையென்றால் ஸ்பீக்கரில் போட்டு இன்னொரு போனில் பதியலாம். கணினியில் ஒரு நகல், வேறு வீட்டில் இன்னொரு நகல் வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை திறந்து கேட்டுப் புதிய கருவிக்கு மாற்ற வேண்டும்.

இன்னொன்றும் முக்கியம். கௌஹர் ஜான் பாடி முடித்ததும் தன் பெயரை ஆங்கிலத்தில் சொல்வார். அதைப் போலவே யார் பேசியது, எந்த நாள், யாரிடம் பேசியது என்று கோப்பின் பெயரிலேயே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு தலைமுறைக்குப் பின் அது யாரோ ஒருவர் "சாப்பிட்டியா?" என்று கேட்கும் குரலாகத்தான் இருக்கும்.

நிரந்தரமான டேப்பும் இல்லை, நிரந்தரமான ஹார்டு டிஸ்க்கும் இல்லை. அடுத்த நகலை எடுக்க ஓர் ஆள் இருக்கும்வரை குரல் இருக்கும்.