போபாலின் கைம்பெண்கள்



யாழ்ப்பாணத்துச் சைவர் வீடுகளில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் கீரிமலைக் கடற்கரையிலே அந்தியேட்டி செய்து திரும்புவது வழக்கம். துயரத்துக்கு ஒரு நாளையும் ஒரு துறையையும் முன்னோர் வகுத்துத் தந்தனர். அத்துறைக்கு அண்மையிலேதான் 1950 முதல் 1990 வரை காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கியது. தொழிற்சாலை என்றால் மாதச் சம்பளம் என்றே எங்கள் ஊரார் அறிந்திருந்தனர். இந்தியாவிலே போபால் நகரத்தாரும் அவ்வாறே எண்ணியிருந்தனர்.

1984 டிசெம்பர் 2ஆம் நாள் இரவு, அந்நகரின் யூனியன் காபைட் பூச்சிகொல்லித் தொழிற்சாலையில் ஒரு தாங்கிக்குள் நீர் புகுந்தது. மெதைல் ஐசோசயனேற்று என்னும் நஞ்சு கொதித்து வாயுவாகி, உறங்கிக்கொண்டிருந்த குடிசைகளின்மேற் பரவியது. அந்நஞ்சைக் குளிர்விக்கும் பொறியை முன்னரே நிறுத்திவிட்டனர். உடனே இறந்தோர் 2,259 பேர் என்பது முதற் கணக்கு. பின்னர் மத்தியப் பிரதேச அரசு 3,787 என்றது. நோயுற்று மெல்ல மடிந்தோர் இன்னும் பல்லாயிரவர்.

சடலங்களைக் கூட்டாக எரித்தனர், கூட்டாகப் புதைத்தனர். இன்னார் என்று அறியப்படாதோரைப் படம் எடுத்து வைத்தனர். அப்படங்களிடையே தன் கணவனைத் தேடிக் காணாதவள் எந்த நாளைத் திதியாகக் கொள்வாள்? காணாமற் போன பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும் தாய்மார் வாழும் நம் மண்ணில் இக்கேள்விக்கு உரை வேண்டியதில்லை.

1989இல் 47 கோடி டொலர் இழப்பீட்டுடன் இந்திய அரசு வழக்கைத் தீர்த்துக்கொண்டது. பாதிக்கப்பட்டோரை யாரும் கலந்துகொள்ளவில்லை. நட்டஈடு பெறவோ சான்றுகள் வேண்டும். உயிர் தப்ப ஓடியவர் கடதாசியைக் காவிக்கொண்டா ஓடுவர்? கைம்பெண்களுக்கென அரசு வீடுகள் கட்டிக் கொடுத்தது. அவ்விடத்துக்கு ஊரார் இட்ட பெயர் ‘விதவா காலனி’. வீடு கிடைத்தது, அப்பெயரும் முகவரியோடு ஒட்டிக்கொண்டது.

உண்மையான மீட்சி வேறோரிடத்திலே தொடங்கியது. பாதிக்கப்பட்ட பெண்களுக்கென அரசு நடத்திய எழுதுபொருட் தொழிற்கூடத்திலே ரஷீதா பீ என்னும் இசுலாமியப் பெண்ணும் சம்பாதேவி சுக்லா என்னும் இந்துப் பெண்ணும் சந்தித்தனர். குறைந்த கூலியை எதிர்த்துச் சங்கம் அமைத்தனர். 1989இல் நூற்றுக்கு மேற்பட்ட பெண்களும் பிள்ளைகளும் அவர்களுடன் ஏறக்குறைய 750 கிலோமீற்றர் நடந்து தில்லி சேர்ந்தனர். தனியே அழுதவர்களுக்கு அந்த நடையே கூட்டழுகையாகவும் அமைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

2004இல் இருவருக்கும் கோல்ட்மன் சுற்றாடற் பரிசு கிடைத்தது. அப்பணத்தை அவர்கள் தம் வீட்டுக்குக் கொண்டு செல்லவில்லை. சிங்காரி என்ற அறக்கட்டளையை நிறுவினர். வாயு தாக்கிய பெற்றோருக்கு ஊனத்தோடு பிறந்த குழந்தைகள் அங்கே நடக்கவும் பேசவும் பயிற்சி பெற்றனர். சிங்காரி என்றால் இந்தி மொழியிலே தீப்பொறி.