தட்டின் பின்புறம்: பொஹீமியப் பீங்கான் கலங்களின் வரலாறும் தெரிவும்

மனிதர் நாளாந்தம் கையாளும் பொருட்களையும் வரலாற்று மூலங்களாகக் கொள்ளும் நோக்கு சமூக வரலாற்றியலின் வளர்ச்சியோடு வலுப்பெற்ற ஒன்றாகும். கல்வெட்டும் செப்பேடும் பெரும்பாலும் ஆண்டவரின் செய்தியைக் கூறுவன. உண்கலமோ அதனைச் செய்தவர், விற்றவர், வாங்கியவர் ஆகிய மூவரின் செய்தியையும் ஒருங்கே சுமந்து நிற்பது. இன்று செக் பீங்கான் என வழங்கப்படும், மத்திய ஐரோப்பாவின் பொஹீமியப் பகுதியிற் பிறந்த கலங்கள் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இக்கலங்களின் முன்புறத்திற் பூங்கொத்தும் பொன்விளிம்பும் காணப்படும். பின்புறத்தில் ஒரு சிறு முத்திரை இருக்கும். ஒரே பள்ளத்தாக்கில், ஒரே களிமண்ணாற் செய்யப்பட்ட தட்டுகளின் பின்புறத்தில், காலத்துக்குக் காலம் ஒஸ்திரியா என்றும், செக்கோசிலோவாக்கியா என்றும், ஜேர்மனி என்றும், செக் குடியரசு என்றும் பொறிக்கப்பட்டுள்ளமையைக் காணலாம். மண் இடம்பெயரவில்லை, அரசுகளே மாறின. இம்மாற்றங்களை அறியாது இக்கலங்களை வாங்குவோர் பெயருக்கு விலை கொடுத்துப் பொருளைத் தவறவிட நேரும். எனவே, இக்கலங்களின் தோற்ற வளர்ச்சியையும், அவ்வரலாற்றறிவு அவற்றைத் தெரிவுசெய்வதற்கு எவ்வாறு துணைபுரியும் என்பதையும் சுருக்கமாக நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. இரகசியமும் மண்ணும்

பல நூற்றாண்டுகளாகப் பீங்கான் சீனருக்கே உரிய கலையாக விளங்கியது. கடல்வழி வணிகத்தால் ஐரோப்பிய அரண்மனைகளை அடைந்த சீனக் கலங்கள், அவற்றைத் தாமே செய்துவிட வேண்டும் என்ற வேட்கையை ஆட்சியாளரிடையே தோற்றுவித்தன. சக்சனியின் ஆட்சியாளனான ஒகஸ்டஸ், பொன் செய்வித்துக் கொள்ளும் நோக்குடன் தடுத்து வைத்திருந்த யோஹான் பிரீட்ரிக் பொட்கர் என்னும் இரசவாதி, சிர்ன்ஹவுஸ் என்ற அறிஞருடன் இணைந்து மேற்கொண்ட ஆய்வுகளின் பயனாக, 1708ஆம் ஆண்டில் வன்பீங்கானின் இரகசியம் வெளிப்பட்டது. 1710ஆம் ஆண்டில் மெயிசன் ஆலை நிறுவப்பட்டது. 1718இல் வியன்னாவிலும் ஓர் ஆலை எழுந்தது. 1744இல் அது அரச உடைமையாயிற்று.

வன்பீங்கானின் இரகசியம் உண்மையில் மூன்று பொருட்களின் கூட்டும் கடுந்தீயுமேயாகும். கயோலின் எனப்படும் வெண்களி ஏறக்குறையச் சரிபாதியும், பெல்ஸ்பாரும் படிகக்கல்லும் எஞ்சிய பாதியுமாகச் சேர்த்து அரைக்கப்படும். வனைந்த கலம் முதலில் 900 முதல் 1000 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்திற் சுடப்பட்டு, பின்னர் மெருகுக் குழம்பில் தோய்க்கப்பட்டு, ஏறக்குறைய 1400 பாகையில் மீண்டும் சுடப்படும். இவ்விரண்டாம் சூட்டில் உடலும் மெருகும் ஒன்றோடொன்று உருகிப் பிணைகின்றன. கலம் வெண்மையும், ஒளிபுகு தன்மையும், நீர் உறிஞ்சாத இறுக்கமும் பெறுவது இதனாலேயே.

இத்தொழிலுக்கு வேண்டிய யாவும் வடமேற்குப் பொஹீமியாவில் ஒருங்கே அமைந்திருந்தன. கார்லோவி வாரி நகரை அடுத்த செட்லெத்ஸ் என்னுமிடத்தில் கிடைக்கும் கயோலின், பிற நாடுகளின் வெண்களியை ஒப்பிட்டு மதிப்பிடுவதற்கான அளவுகோலாகக் கொள்ளப்படுமளவுக்குத் தூயது. சூளைக்குத் தேவையான விறகை மலைக்காடுகள் அளித்தன. பின்னர், சொக்கொலோவ் பகுதியின் பழுப்பு நிலக்கரி அவ்விடத்தைப் பெற்றது.

2. ஏகபோகத்தை மீறிய ஆலைகள்

வளம் இருந்தும் அனுமதி இருக்கவில்லை. பொஹீமியா அக்காலத்தில் ஹப்ஸ்பேர்க் ஆட்சிக்கு உட்பட்டிருந்தமையால், வியன்னா அரச ஆலையின் நலனே முதன்மை பெற்றது. 1792ஆம் ஆண்டில் ஹோர்னி சிலாவ்கோவில் நிறுவப்பட்ட ஆலைக்குப் பீங்கான் செய்வதற்கான உரிமை தொடக்கத்தில் மறுக்கப்பட்டது. 1812ஆம் ஆண்டிலேயே அவ்வுரிமை கிடைத்தது. இதற்கிடையில் 1794இல் கிளாஷ்டெரெத்ஸ் நகரில், தூன் பிரபுக் குடும்பத்தின் நிலத்தில், மற்றோர் ஆலை தோன்றியது. 1803இல் பிரெசோவா ஆலையும் 1815இல் லோகெட் ஆலையும் தொடர்ந்தன. தலைநகர் தனது ஆலையைப் பாதுகாக்க முனைந்த வேளையில், மண்ணும் எரிபொருளும் இருந்த மாகாணம் அதனை முந்திச் சென்றது. 1864ஆம் ஆண்டில் வியன்னா ஆலை மூடப்பட்டபோது பொஹீமிய ஆலைகள் பெருகிக்கொண்டிருந்தன. உற்பத்தியின் போக்கை அரச ஆணை சிறிது காலம் தடுக்கலாமாயினும் நிரந்தரமாகத் திசைதிருப்ப இயலாது என்பதற்கு இது நல்லதொரு சான்று.

சந்தையும் அருகிலேயே இருந்தது. கார்லோவி வாரி வெந்நீரூற்றுகளுக்குப் பெயர்பெற்ற நகர். கவிஞர் கேதே உட்பட ஐரோப்பாவின் செல்வரும் அறிஞரும் நோய் தீர்க்கவும் பொழுது போக்கவும் அங்கு வந்தனர். கைப்பிடியே குழாயாக அமைந்து, அதன்வழி வெந்நீரை உறிஞ்சிப் பருகுவதற்கேற்ற சிறு கிண்ணம் இந்நகருக்கே உரிய அடையாளமாயிற்று. 1870ஆம் ஆண்டளவில் இருப்புப்பாதை இப்பகுதியை அடைந்த பின்னர், இக்கலங்கள் கடல் கடந்தும் பெருந்தொகையாக விற்பனையாயின.

இக்காலத்துப் பொஹீமியக் கலங்களுள் மிகப் புகழ்பெற்றது நீல நிற வெங்காயக் கோலமாகும். 1740ஆம் ஆண்டையொட்டி மெயிசனில் உருவான இக்கோலம் சீனச் சித்திரங்களைத் தழுவியது. அதிலுள்ளவை மாதுளையும் பீச்சுமாகும். அவற்றை அறியாத ஐரோப்பியர் வெங்காயம் எனக் கொண்டனர். பிழையான பெயரே நிலைத்துவிட்டது. தெப்லித்ஸ் நகரை அடுத்த டுபி ஆலை 1885ஆம் ஆண்டில் இக்கோலத்தைச் செய்யும் உரிமையைப் பெற்றது. சீனரின் கனி, சக்சனியரின் தூரிகை, பொஹீமியாவின் மண் ஆகிய மூன்றும் சேர்ந்த ஒன்றே பிற்காலத்தில் செக் மரபின் அடையாளமாக உலகெங்கும் கொள்ளப்பட்டது. தேசிய மரபு எனப்படுவது பல வேளைகளில் இத்தகைய கலப்பின் விளைவே என்பது ஈண்டு கருதத்தக்கது.

3. முத்திரை கூறும் அரசியல்

கலங்களின் பின்புறத்தில் நாட்டின் பெயர் இடம்பெறலானமைக்கு வணிகச் சட்டமொன்று முக்கிய காரணமாகும். இறக்குமதிப் பொருட்களில் அவை உற்பத்தியான நாட்டின் பெயர் பொறிக்கப்படல் வேண்டும் என ஐக்கிய அமெரிக்காவின் 1890ஆம் ஆண்டுச் சுங்கவரிச் சட்டம் விதித்தது. மறு ஆண்டு முதல் அமெரிக்கச் சந்தைக்கான பொஹீமியக் கலங்கள் ஒஸ்திரியா என்ற பெயருடன் சென்றன. முதலாம் உலகப் போரின் முடிவில், 1918ஆம் ஆண்டில், செக்கோசிலோவாக்கியா தோன்றியபோது பழைய பேரரசின் பீங்கான் ஆலைகளுட் பெரும்பாலானவை இப்புதிய குடியரசின் எல்லைக்குள் அமைந்தன. முத்திரையும் அதற்கேற்ப மாறியது.

எனினும், முத்திரை ஒரு செய்தியை மறைத்தது. இப்பகுதியின் மக்களுட் பெரும்பாலோர் ஜேர்மன் மொழி பேசுவோர். ஆலை உரிமையாளர் மட்டுமன்றி, வனைவோரும் தீட்டுவோரும் சூளை காப்போரும் பெரும்பாலும் அவர்களே. 1938ஆம் ஆண்டு செப்தெம்பரில் பிரித்தானியா, பிரான்ஸ், இத்தாலி, ஜேர்மனி ஆகிய நான்கு அரசுகளும் மியூனிக் நகரிற் கூடிச் செய்த உடன்பாட்டின்படி, சுடேட்டன் நிலம் எனப்பட்ட இப்பகுதி ஹிட்லரின் ஜேர்மனிக்குக் கையளிக்கப்பட்டது. செக்கோசிலோவாக்கியாவின் பிரதிநிதிகளுக்கு அப்பேச்சுவார்த்தையில் இடமளிக்கப்படவில்லை.

அதனைத் தொடர்ந்த ஆண்டுகளே இவ்வரலாற்றின் இருண்ட பக்கமாகும். கார்லோவி வாரிக்கு அண்மையிலுள்ள நோவா ரோலேயில் 1921ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த பொஹீமியா என்னும் ஆலை, நாற்சி அரசின் எஸ்.எஸ். அமைப்புக்குரிய நிறுவனங்களின் கைக்குச் சென்றது. 1942ஆம் ஆண்டில் அங்கு பெண் கைதிகளுக்கான முகாமொன்று அமைக்கப்பட்டது. முதலில் ராவன்ஸ்புரூக் வதைமுகாமின் கிளையாகவும், பின்னர் புளொசன்பேர்க் வதைமுகாமின் கிளையாகவும் அது இயங்கியது. பீங்கான் உற்பத்தியில் அப்பெண்கள் அடிமைகளாக ஈடுபடுத்தப்பட்டனர். அக்கலங்களும் வெண்மையானவையே, தட்டினால் அவையும் மணிபோல் ஒலிப்பனவே. அவற்றைச் செய்தவரின் நிலையைக் கலத்தின் உடல் காட்டாது. முத்திரையை வரலாற்றோடு சேர்த்துப் படிப்பவருக்கே அது புலனாகும்.

போர் முடிந்தபின் அநீதி வேறொரு திசையில் திரும்பியது. 1945, 1946ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய முப்பது இலட்சம் ஜேர்மானியர் செக்கோசிலோவாக்கியாவிலிருந்து வெளியேற்றப்பட்டனர். குற்றமிழைத்தோரும் இழைக்காதோரும் அதில் அடங்குவர். தலைமுறை தலைமுறையாகச் சூளையின் நிறத்தைக் கண்டே வெப்பத்தை மதிப்பிட்ட தொழிலாளரும், தூரிகையைத் தாய்வழியாகப் பெற்ற ஓவியப் பெண்களும் எல்லை கடந்தனர். அவர்களுட் பலர் பவேரியாவிற் குடியேறினர். அவர்களின் இடத்தைப் பெரும்பாலும் புதிதாக வந்து குடியேறியோரே நிரப்பினர். களிமண்ணும் அச்சுகளும் எஞ்சியிருந்தன. கைத்திறனை மீண்டும் கற்க வேண்டியிருந்தது.

4. அரசுடைமைக் காலமும் அதன் பின்னரும்

1945ஆம் ஆண்டிலிருந்து இவ்வாலைகள் அரசுடைமையாக்கப்பட்டன. 1958ஆம் ஆண்டில் கார்லோவி வாரிப் பீங்கான் என்னும் பெயரில் அப்பகுதி ஆலைகள் ஒரே நிறுவனமாயின. அதே ஆண்டில் பிரசல்ஸ் நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சியில், யாரோஸ்லாவ் யெஷெக் வடிவமைத்த எல்கா என்னும் கோப்பிக் கலத் தொகுதி முதன்மைப் பரிசைப் பெற்றது. பொன்னும் பூவும் நிறைந்த பழைய பாணியை விடுத்து, கோட்டின் ஓட்டத்திலேயே அழகைக் கண்ட வடிவம் அது. கற்றுக்கொண்ட கைகள் தமது சொந்த மொழியைப் பேசத் தொடங்கியமைக்கு அதனைச் சான்றாகக் கொள்ளலாம்.

1989ஆம் ஆண்டு அரசியல் மாற்றத்தின் பின்னர் ஆலைகள் தனியார்மயமாயின. 1993இன் தொடக்கத்தில் செக் குடியரசு தனிநாடாயிற்று. மலிவான ஆசிய உற்பத்தியோடு போட்டியிட வேண்டிய நிலை ஏற்பட்டது. 1792ஆம் ஆண்டில் வியன்னாவின் தடையை மீறித் தொடங்கப்பட்ட ஹோர்னி சிலாவ்கோவ் ஆலையின் வழிவந்த நிறுவனம் 2011ஆம் ஆண்டில் தன் உற்பத்தியை நிறுத்தியது.

5. தெரிவு

மேற்கூறிய வரலாற்றை அறிந்தோர் கலத்தை முத்திரையால் மட்டும் மதிப்பிடார். முத்திரையைப் புறக்கணிக்கவும் மாட்டார். முதலிற் கலத்தின் உடலை ஆராய்தல் வேண்டும். தட்டை விரல்நுனிகளில் ஏந்தி மரக்குச்சியால் மெல்லத் தட்டினால், குறையற்ற கலம் நெடிது ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருப்பின் ஒலி மழுங்கும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் பின்னாலுள்ள விரல்களின் நிழல் தெரிய வேண்டும். உணவுச்சாலைகளுக்கெனத் தடிப்பாகச் செய்யப்பட்ட கலங்களில் இது குறைவாகவே தெரியும். அது குறையன்று, உறுதிக்காக வேண்டுமென்றே செய்யப்பட்டது.

அடுத்து, கலத்தைக் கவிழ்த்து அதன் அடிவளையத்தை நோக்க வேண்டும். மெருகு பூசப்படாத ஒரே பகுதி அதுவாகும். அங்கு ஒரு துளி நீரை வைத்தால் வன்பீங்கான் அதனை உறிஞ்சாது. சாதாரண மட்கலம் உறிஞ்சிக்கொள்ளும். அவ்வளையம் வழுவழுப்பாகத் தேய்க்கப்பட்டிராவிடின் மேசையையும் அடுக்கிலுள்ள அடுத்த தட்டையும் கீறும். சமதளத்தில் வைத்த தட்டு ஆடலாகாது. ஆறு தட்டுகளை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினால் இடைவெளி எங்கும் ஒத்திருக்க வேண்டும். கேத்தலைச் சரித்து ஊற்றும்போது மூடி விழாமலும், மூக்கிலிருந்து துளி வழியாமலும் இருத்தல் நல்ல வடிவமைப்பின் அறிகுறியாகும்.

மூன்றாவதாக, அலங்காரம் மெருகின் கீழுள்ளதா, மேலுள்ளதா என்பதை அறிய வேண்டும். வெங்காயக் கோலத்தின் கோபால்ட் நீலம் மெருகின் கீழ்த் தீட்டப்பட்டு அதனுடனேயே கடுந்தீயிற் சுடப்படுவதால், கழுவக் கழுவத் தேயாது. மெருகின்மேற் குறைந்த வெப்பத்திற் பதிக்கப்பட்ட பூக்களை விரலால் வருடினால் மேடு புலப்படும். அவை காலப்போக்கில் மங்கும். பழைய கலங்களின் இத்தகைய நிறங்களில் ஈயமும் கட்மியமும் இருக்கக்கூடுமாதலால், புளிப்பான உணவை அவற்றில் வைத்தலைத் தவிர்ப்பதே நன்று. பொன்விளிம்புக் கலங்கள் நுண்ணலை அடுப்புக்கு ஆகா. நாளாந்தப் பாவனைக்கு வாங்குவோர் நீண்டகாலம் மாறாது செய்யப்படும் கோலத்தைத் தெரிதல் நன்மை பயக்கும். ஒரு தட்டு உடைந்தால் முழுத் தொகுதியையும் இழக்க வேண்டியதில்லை.

இறுதியாக முத்திரை. ஒஸ்திரியா எனில் 1918க்கு முற்பட்டதாகக் கொள்ளலாம். செக்கோசிலோவாக்கியா என்ற பெயர் மட்டும் காலத்தை உறுதிசெய்யாது. அது 1918 முதல் 1938 வரையும், 1945 முதல் 1992 வரையும் வழங்கியது. உடன் காணப்படும் ஆலையின் பெயரே இவ்விரு காலங்களையும் வேறுபடுத்தும். கார்ல்ஸ்பாட் என்ற நகர்ப்பெயர் விற்பனைக்கு உதவுமென்பதற்காகவும் பொறிக்கப்பட்டது. ஆதலின், அப்பெயர் ஒன்றுக்காக அதிக விலை கொடுத்தல் அறிவுடைமையாகாது.

இவ்வாறு நோக்குமிடத்து, கலத்தின் ஒலியும் ஒளியும் அதன் தரத்தைக் கூறுவன; முத்திரையோ அதன் காலத்தைக் கூறுவது. இரண்டையும் சேர்த்தே படித்தல் வேண்டும். நோவா ரோலேயில் அடிமைகளாக்கப்பட்ட பெண்களின் உழைப்பாற் பிறந்த தட்டும், அதே ஊரில் ஊதியம் பெற்ற தொழிலாளர் செய்த தட்டும் அருகருகே வைக்கப்படின், ஒலியால் அவற்றை வேறுபடுத்த எவராலும் இயலாது. கலத்தின் செம்மை அதைச் செய்தவர் வாழ்ந்த நிலைமைக்குச் சான்றாவதில்லை. அதனை அறிய விரும்புவோர் தட்டைக் கவிழ்த்துப் பார்த்தே ஆகவேண்டும்.