பீட்டர் தங்கராஜும் படைவீரர் கால்பந்தும்

தாம்பரமும் அதனை அடுத்த இரும்புலியூரும் சென்னைப் பட்டணத்தின் தென்கோடிப் புறநகர்களாக உருவெடுத்த சரித்திரத்தை ஆராய்வோர்க்கு மூன்று ஸ்தாபனங்கள் முதலில் கண்ணிற்படும்: 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரையில் மின்சார வண்டிகளை ஓட்டத் தொடங்கிய இருப்புப்பாதை, 1937இல் நகரத்தின் நெரிசலை விட்டு இங்கே குடியேறிய சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி, உலகப் போர்க் காலத்தில் விமானங்கள் வந்திறங்கிய படைத்தளம். ரயில்வே, கல்லூரி, ராணுவம் என்னும் இவ்வகை ஸ்தாபனங்களே தென்னாட்டில் கால்பந்தாட்டத்துக்கு மைதானமும் மதிப்பும் அளித்தவை. அவற்றுள் ராணுவம் வளர்த்தெடுத்த ஒரு மகத்தான காவல் வீரரின் ஜீவிய சரித்திரத்தை, ஞாயிறு தோறும் மைதானத்துக்கு விரைகின்ற நம் பிள்ளைகள் அறிந்திருத்தல் அவசியம்.

விளையாட்டையே தொழிலாகக் கொண்டு பொருளீட்டும் வழி அக்காலத்து இந்தியாவில் இருக்கவில்லை. பந்தாட்டத்தில் வல்ல ஏழை இளைஞன் ஒருவனுக்கு ரயில்வேயிலோ, போலீஸிலோ, பட்டாளத்திலோ ஓர் உத்தியோகம் கிடைத்தால்தான் அவனுடைய வித்தைக்கும் வயிற்றுக்கும் ஆதாரம் உண்டாயிற்று. 1888இல் சிம்லாவில் தொடங்கிய டூரண்டு கோப்பைப் பந்தயம், அரை நூற்றாண்டு காலம் பிரிட்டிஷ் படையினரின் தனிச் சொத்தாகவே விளங்கி, 1940இல் கல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் கழகம் வென்ற பிறகே முதன்முறையாக இந்தியர் கைக்கு வந்தது. சுதந்திரத்துக்குப் பின்னர் அந்தக் கோப்பைக்கு உரிமை கோரி எழுந்த இந்தியப் படையணிகளுள், நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமென்ட் மையத்தின் அணி தலைசிறந்ததாக இருந்தது.

1935ஆம் ஆண்டு டிசம்பர் 24ஆம் தேதி ஹைதராபாத்தில் பிறந்து, சிகந்தராபாத்தின் மார்னிங் ஸ்டார், பிரெண்ட்ஸ் யூனியன் ஆகிய கழகங்களில் பந்துதைத்துப் பழகிய பீட்டர் தங்கராஜ், 1953இல் ராணுவத்தில் சேர்ந்து அந்த மையத்தின் அணியை அடைந்தார். அவர் ஆதியில் கோல் அடிக்கும் நடு முன்னணி வீரராகவே ஆடினார். பின்னரே கோல் கம்பங்களுக்கிடையே காவல் நிற்கும் ஸ்தானத்துக்கு மாறினார். கோல்கீப்பரின் வேலை எளியதன்று. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் உள்ள வாயிலைத் தனி ஒருவராகக் காக்க வேண்டும். பந்து வரும் திசையைப் பார்த்து ஓடினால் காலம் கடந்துவிடுமாதலால், எதிரியின் கால் பந்தைத் தொடும் முன்பே அதன் போக்கை மனத்தில் கணித்துக்கொள்ள வேண்டும். ஆறடியை விஞ்சிய ஆகிருதியும், முன்னணி ஆட்டக்காரனின் எண்ணத்தைத் தம் பழைய அனுபவத்தால் ஊகித்தறியும் நுண்ணுணர்வும் தங்கராஜுக்கு அந்த வித்தையில் பேருதவி புரிந்தன. 1955இலும் 1958இலும் மதராஸ் ரெஜிமென்ட் மையம் டூரண்டு கோப்பையை வென்றது. 1960இல் படைவீரர்களின் சர்வீசஸ் அணி முதன்முறையாகத் தேசியப் பந்தயமான சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியபோது அவ்வணிக்குத் தலைமை தாங்கியவரும் அவரே.

இந்தியக் கால்பந்து உலக அரங்கில் நிமிர்ந்து நின்ற காலமும் அதுவே. 1948இல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் வீரர்களிற் பலர் வெறுங்காலோடு ஆடினர். 1952இல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கணக்கில் தோற்ற பின்னரே பூட்ஸ் அணிதல் கட்டாயமாயிற்று. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், இந்தியா நான்காம் இடத்தைப் பெற்றது. அந்த அணியிலும், 1960இல் ரோமாபுரிக்குச் சென்ற அணியிலும் தங்கராஜ் இடம்பெற்றார். ரோமில் பெரு நாட்டுக்கு எதிராகச் சைமன் சுந்தரராஜ் அடித்த கோலுக்குப் பிறகு ஒலிம்பிக்கில் இந்தியா இன்றளவும் ஒரு கோலும் அடிக்கவில்லை.

அவருடைய கீர்த்தியின் சிகரம் 1962 செப்டம்பர் 4ஆம் தேதி ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு இறுதியாட்டம். இஸ்ரேலையும் தைவானையும் அவ்விளையாட்டிலிருந்து விலக்கியதை இந்திய அதிகாரியான சோந்தி கண்டித்ததனால் இந்தோனேஷிய ஜனங்கள் சினங்கொண்டிருந்தனர். நிரம்பி வழிந்த அரங்கமே நம்மவர்க்கு எதிராக ஆர்ப்பரித்தது. எதிரணியான தென் கொரியாவோ, தொடக்க ஆட்டத்தில் நம்மை 2-0 என வென்றிருந்தது. தலையில் காயம்பட்ட தற்காப்பு வீரர் ஜர்னெயில் சிங்கைப் பயிற்சியாளர் ரஹீம் முன்னணிக்கு அனுப்பினார், பி. கே. பானர்ஜியும் ஜர்னெயிலும் ஆளுக்கொரு கோல் அடித்தனர். அருமைநாயகம் இடது ஓரத்தில் ஓடினார். தங்கராஜ் வாயிலைக் காத்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியா ஒரு கோலை மீட்ட போதிலும், 2-1 என்ற கணக்கில் தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் அதன்பின் நமக்குத் தங்கம் வாய்க்கவில்லை.

பட்டாளத்து அணியை விட்டுக் கல்கத்தா சென்ற தங்கராஜ், முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆகிய மூன்று பெருங்கழகங்களுக்கும் ஆடினார். மழைக்காலச் சேற்றில் ஊறிக் கனத்த தோற்பந்தை அங்கே ஆண்டுக்கணக்கில் தடுத்து நின்ற அவருக்கு 1967இல் அர்ஜுனா விருது கிடைத்தது. 1971இல் ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பயிற்சியாளராகி, இறுதிக் காலத்தில் பொகாரோவில் வாழ்ந்து, 2008 நவம்பர் 24ஆம் தேதி அவர் காலமானார்.

கோல் அடித்தவனின் பெயரைக் கணக்கேடு குறித்துக்கொள்கிறது. தடுக்கப்பட்ட கோல்களுக்கு ஏட்டில் இடமில்லை. ஆதலால்தான் தங்கராஜைப் போன்றோரின் புகழ் விரைவில் மங்கிவிடுகிறது. நம் தெருக்களிலும் மைதானங்களிலும் ஓடத் தெரியாத பையனைக் கோலில் நிறுத்தும் வழக்கம் இன்னும் உண்டு. காவல் என்பது தாழ்ந்த வேலை என்னும் எண்ணமே அதற்குக் காரணம். கோல் அடிக்கப் பழகிய ஒருவர் காவலுக்கு வந்து ஆசியக் கண்டமே மதிக்கும் வீரரானதை நினைவில் வைத்து, பிள்ளைகளுக்கு ஆட்டம் கற்பிக்கும் ஆசிரியர்கள் கூர்மதியும் துணிவும் மிக்க பிள்ளையைத் தேர்ந்து கோலில் நிறுத்துவார்களாக.