ஜீலம் கரையில் போரஸ்: ஆறு எப்போது அரணாகிறது?

பொ.ஆ.மு. 326-இல் ஜீலம் கரையில் நிகழ்ந்த போர், பாடநூல்களில் பெரும்பாலும் யானைப்படையின் தோல்வியாகச் சுருக்கப்படுகிறது. ஆனால் யானைகள் அணிவகுத்து நிற்பதற்கு முன்பே அலெக்சாண்டர் ஆற்றைக் கடந்துவிட்டார். போரஸின் தோல்வியை ஆராய்வோர் முதலில் ஆராய வேண்டியது அந்தக் கடப்பையே.

வேத இலக்கியத்தில் விதஸ்தா எனவும் கிரேக்க நூல்களில் ஹைடாஸ்பஸ் எனவும் வழங்கும் இந்த ஆறு, பனியுருகலாலும் மழையாலும் அப்போது பெருகியிருந்தது. தட்சசீல அரசன் அம்பி முன்பே அலெக்சாண்டருடன் இணைந்துவிட்டதால், எதிர்க்கரையில் நின்ற படையில் இந்திய வீரர்களும் இருந்தனர். போரஸ் கடக்கத்தக்க துறைகளில் காவல் வைத்தார்; முதன்மைத் துறைக்கு எதிரே யானைகளை நிறுத்தினார். பழக்கமில்லாத குதிரைகள் யானையின் தோற்றத்துக்கும் பிளிறலுக்கும் மிரளும்; தெப்பத்தில் வரும் குதிரைப்படையால் கரையேற இயலாது. இது தேர்ந்த கணக்கு.

அலெக்சாண்டர் அந்தக் கணக்கை நேரடியாக எதிர்கொள்ளவில்லை. நீர் வடியும்வரை காத்திருக்கப்போவதாகச் செய்தி பரப்பித் தானியம் குவித்தார். இரவுதோறும் குதிரைப்படையைக் கரையோரம் ஆரவாரத்துடன் அலையவிட்டார். போரஸும் யானைகளுடன் மறுகரையில் இணையாக நகர்ந்தார். எதுவும் நிகழாததால் நாளடைவில் அதை நிறுத்தி, ஒற்றர்களை மட்டும் கரையில் விட்டார். பின்னர் ஒரு புயலிரவில், முகாமிலிருந்து ஏறத்தாழ 27 கி.மீ. மேலே, காடடர்ந்த தீவொன்றின் மறைவில் கடப்பு நிகழ்ந்தது. கிராட்டெரஸின் தலைமையில் ஒரு பெரும்படை பழைய முகாமிலேயே நின்றது. யானைகள் எதிர்க்கரையைவிட்டு அகன்றால் கடக்க வேண்டும் என்பதே அவருக்கிடப்பட்ட ஆணை.

போரஸின் இக்கட்டு இங்கே தெளிவாகிறது. கரையிலேயே நின்றால் பக்கவாட்டில் தாக்குதல். முழுப்படையுடன் விலகினால் துறை திறந்துவிடும். முதலில் மகனைச் சிறு படையுடன் அனுப்பினார். அப்படை எப்போது வந்து சேர்ந்தது என்பதில் சான்றுகளே முரண்படுகின்றன. அலெக்சாண்டர் கரையேறுமுன் 60 தேர்கள் வந்தும் வாய்ப்பைத் தவறவிட்டன என்கிறார் அரிஸ்டோபுலஸ். கடந்த பின்னரே 2,000 குதிரை வீரரும் 120 தேர்களும் வந்தன என்கிறார் தாலமி. அர்ரியன் தாலமியையே ஏற்கிறார். தேர்கள் சேற்றில் சிக்கின, மகன் மாண்டான். அதன்பின் போரஸ் சில யானைகளைத் துறைக்காவலுக்கு விட்டு, சேறில்லாத மணற்பாங்கான நிலத்தைத் தேர்ந்து அணிவகுத்தார்.

கணினி வியூக விளையாட்டுகளில் ஆற்றைக் காப்பவருக்குக் கூடுதல் வலிமை தானாகவே கிடைத்துவிடுவதுண்டு. வரலாற்றில் ஆறு அப்படிப்பட்ட கொடையன்று. கடக்க முனைபவர் ஓரிடத்தைத் தேர்ந்தால் போதும்; காப்பவரோ எல்லாத் துறைகளையும் காக்க வேண்டும். எனவே ஆற்றுக்காவலின் உயிர்நாடி இரண்டு: எதிரி கடக்கும் இடத்தை உடனே அறிவது, அவன் முழுமையாகக் கரையேறுமுன் போதிய படையை அங்கே சேர்ப்பது. போரஸிடம் முதலாவது தாமதமாயிற்று. இரண்டாவது அதனாலேயே பொய்த்தது. துணிவிலோ படைப்பெருக்கத்திலோ குறையிருந்ததாகச் சான்றில்லை.

படையின் அளவைக் கூறுகையிலும் எச்சரிக்கை தேவை. அர்ரியன் 200 யானைகளும் 30,000 காலாட்களும் என்கிறார். டயோடோரஸ் 130 யானைகளும் 50,000 காலாட்களும் என்கிறார். இருவருமே நிகழ்வுக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுதியவர்கள். இந்தியத் தரப்பின் சமகாலப் பதிவு எதுவும் கிடைக்கவில்லை. கடப்பு நிகழ்ந்த இடமே விவாதத்துக்குரியது. ஜலால்பூர் அருகே என்பது ஆரல் ஸ்டைனின் முடிவு.

போருக்குப்பின் போரஸ் தம் அரசைத் திரும்பப் பெற்றார். கூடுதல் நிலப்பகுதிகளும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. வென்றவன் பக்கத்து நூல்கள் இதை அலெக்சாண்டரின் பெருந்தன்மை என்று போற்றுகின்றன. அந்த ஆற்றங்கரையை இனி ஆளவல்லவர் அவரே என்னும் அரசியல் மதிப்பீடும் அதில் அடங்கியிருக்கலாம். தோற்றவரின் குரல் பதிவாகாத போரில், வென்றவரின் செயல்களிலிருந்தே தோற்றவரின் வலிமையை வாசிக்க வேண்டியிருக்கிறது.