இரண்டு கம்பிகள் போதும்
1980களில் சர்க்யூட் போர்டு தொழிற்சாலைகளுக்கு ஒரு புதுத் தலைவலி வந்தது. அதுவரை, செய்து முடித்த போர்டை ஊசிகள் பதித்த மேடைமேல் அழுத்தி, இணைப்புகள் சரியா என்று பார்த்துவிடுவார்கள். சில்லுகளின் கால்கள் சிறுத்துப் போர்டின் பரப்பிலேயே ஒட்டிக்கொண்டபோது ஊசி தொட இடமில்லாமல் போனது. 1985இல் மின்னணு நிறுவனங்கள் சில கூடி, சோதிக்கும் வசதியைச் சில்லுக்குள்ளேயே வைத்துவிடலாம் என்று முடிவெடுத்தன. ஜேடேக் என்னும் அந்த ஏற்பாடு 1990இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரநிலையானது. சாலிடரைச் சோதிக்கப் பிறந்த வழியிலேயே ப்ராசஸரை நிறுத்துவதும் நினைவகத்தைப் படிப்பதும் பிறகு வழக்கமாயின.

ஜேடேக்குக்குக் குறைந்தது நான்கு கம்பிகள் வேண்டும்.

ரேடியோவும் மைக்ரோகன்ட்ரோலரும் ஒரே சில்லில் குடியேறியதும் இந்த நான்கும் ஆடம்பரமாகிவிட்டன. நார்வேயின் ஆஸ்லோவில் இருந்த சிப்கான் நிறுவனத்தின் சிசி1110 சில்லு 6 மி.மீ. சதுரம், மொத்தமே 36 கால்கள். ஆன்டெனா, கிரிஸ்டல், மின்சாரம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சுவதை யாரும் வீணாக்க மாட்டார்கள். சிப்கான்காரர்கள் ப்ராசஸரை நிறுத்தி உள்ளே பார்க்கும் டீபக் வேலையை இரண்டு கம்பிகளில் முடித்தார்கள்: ஒன்று தரவுக்கு, ஒன்று கடிகாரத்துக்கு. ரீசெட்டைத் தாழ்த்திப் பிடித்தபடி கடிகாரக் கம்பியில் இரண்டு துடிப்பு கொடுத்தால் சில்லு டீபக் நிலைக்கு வந்துவிடும். 2006இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்கானை வாங்கிய பிறகும் 8051 மையம் கொண்ட அந்த வரிசையில் இதே முறை தொடர்ந்தது.

உள்ளே போக வழி இருந்தால் பூட்டும் வேண்டுமே! பூட்டு பிட்டைப் போட்டுவிட்டால் ஃபிளாஷைப் படிக்க முடியாது. முழுவதும் அழித்த பிறகே டீபக்கர் மறுபடி உள்ளே போகலாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2009இல் பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டில் ஆய்வாளர் டிராவிஸ் குட்ஸ்பீட் அதிலிருந்த ஓட்டையைக் காட்டினார். அழிக்கும் கட்டளை ஃபிளாஷை மட்டுமே துடைத்தது, ரேமைத் தொடவில்லை. நிரல் ஓடும்போது ஜிக்பீ கம்பியில்லா வலையின் ரகசியச் சாவி ரேமுக்கு வந்திருந்தால், அழித்த கையோடு அதைப் படித்துவிடலாம். பூட்டை வடிவமைத்தவர்கள் நிரலைக் காப்பதையே நினைத்திருக்க வேண்டும், சாவியை அல்ல.

அதே இரண்டு கம்பிகள் வேறொரு வேடிக்கைக்கும் வழிவிட்டன. மேட்டல் நிறுவனம் சிறுமிகளுக்காக ஐஎம்-மீ என்றொரு இளஞ்சிவப்புச் செய்திப் பொம்மையை விற்றது. உள்ளே சிசி1110, திரை, விசைப்பலகை எல்லாம் தயார். 2010இல் வன்பொருள் ஆர்வலர் மைக்கேல் ஆஸ்மன் அதில் தன் நிரலை ஏற்றி, கைக்கு அடக்கமான ஸ்பெக்ட்ரம் அனலைசராக்கினார். 2015இல் பாதுகாப்பு ஆய்வாளர் சாமி கம்கர் அதே பொம்மையை வைத்து, மாறாத குறியீட்டை நம்பியிருந்த கராஜ் கதவுகளைச் சில நொடிகளில் திறந்து காட்டினார். பொம்மை தயாரித்தவர்கள் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்கள்.

அதற்குள் ஆர்ம் நிறுவனத்தின் கார்டெக்ஸ்-எம் மையங்கள் புளூடூத் சில்லுகளில் பரவிவிட்டன. அவற்றிலும் இரண்டு கம்பிதான், பெயர் எஸ்டபிள்யூடி. நார்வேயின் நார்டிக் செமிகண்டக்டர் தன் என்ஆர்எஃப்52 வரிசைக்குப் பூட்டு வைத்திருந்தது. 2020இல் லிமிடெட்ரிசல்ட்ஸ் என்ற புனைபெயர்க்காரர், சில்லு விழிக்கும் கணத்தில் மின்னழுத்தத்தை நொடிப்பொழுதுக்கும் குறைவாகத் தடுமாறச் செய்தால் பூட்டே விழாது என்று காட்டினார். அடுத்த ஆண்டு, பொருட்கள் தொலைந்தால் தேட உதவும் ஆப்பிளின் ஏர்டேக் வெளிவந்தது. உள்ளே அதே வரிசையின் என்ஆர்எஃப்52832. சில நாட்களில் ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் இந்த உத்தியால் அதன் நிரலைப் படித்து மாற்றினார். தொலைந்த ஏர்டேகைக் கண்டெடுத்தவர் போனால் தொட்டால் ஆப்பிள் பக்கம் திறக்க வேண்டும். அந்த ஆய்வாளரின் ஏர்டேகோ அவரே வைத்த பக்கத்தைத் திறந்தது.