சொல்லாமல் போன எழுத்து

ஒன்பதாம் நூற்றாண்டு. தாமிரபரணிக் கரையில் இளங்கோக்குடி, அதாவது நம்ம அம்பாசமுத்திரம். அந்த ஊர்ச் சபையிடம் வரகுண பாண்டியன் 290 காசு கொடுக்கிறான். முதலில் கை வைக்கக் கூடாது. காசுக்கு இரண்டு கலம் வீதம், வருஷா வருஷம் 580 கலம் நெல்லை வட்டியாகக் கோயிலுக்கு அளக்க வேண்டும். பக்காவான டெபாசிட்! ஒப்பந்தம் கல்லில் ஏறியது, வட்டெழுத்தில்.

பிறகு ராஜராஜ சோழன் பாண்டிய நாட்டைப் பிடித்தான். கூடவே சோழ நாட்டுத் தமிழ் எழுத்தும் வந்தது. கொஞ்ச காலம் இரண்டும் அக்கம்பக்கமாக இருந்தன. அப்புறம் திருநெல்வேலிச் சீமையில் வட்டெழுத்து மெள்ள மறைந்தது. யாரும் தண்டோரா போடவில்லை. படிக்க ஆளில்லை என்றானதும் கல் ஊமையாகிவிட்டது.

கம்ப்யூட்டருக்கும் இதே தலைவலி உண்டு. நாம் எழுதும் புரோகிராமை மெஷினுக்குப் புரியவைப்பது கம்பைலர். மொழியில் ஒரு அம்சம் பழசாகிவிட்டால்? சட்டென்று தூக்கினால் பழைய புரோகிராம்கள் படுத்துவிடும். விட்டுவைத்தாலும் ஆபத்து. சி மொழியில் 'கெட்ஸ்' என்று ஒன்று. வருகிற எழுத்துகளை அளவு பார்க்காமல் விழுங்கும். 1988-ல் 'மோரிஸ் புழு' நுழைந்த ஓட்டைகளில் அதுவும் ஒன்று. மொழியின் விதிகளிலிருந்து அதை நீக்க 2011 ஆயிற்று!

ஜாவா மொழி 1997-லேயே பழைய அம்சங்களுக்கு முத்திரை குத்தியது. ஆனால், எல்லாவற்றுக்கும் 'பழசு, பழசு' என்று கத்தினால் யார் காதில் வாங்குவார்கள்? அதனால் 2017-ல் ஒன்பதாம் பதிப்பில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒன்று, வெறும் பழசு. இன்னொன்று, நிஜமாகவே நீக்கப் போகிறோம். இரண்டாவதற்குத்தான் கம்பைலர் உரக்கக் குரல் கொடுக்கும். எந்தப் பதிப்பிலிருந்து பழசு என்றும் குறித்துவைக்கலாம்.

நாமும் ஒருமுறை இதை ஒழுங்காகச் செய்திருக்கிறோம். துதிக்கை தூக்கிய யானை மாதிரி ஒரு 'லை' இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பெரியார் 1935-லேயே 'குடி அரசு' இதழில் புது வடிவத்துக்கு மாறினார். எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978-ல் அரசாணை வந்தது. போகும் எழுத்து எது, பதிலுக்கு எது என்று தெளிவாகச் சொன்னார்கள். நடுவில் 43 வருஷம் ஓடியிருந்ததால் யாரும் திகைக்கவில்லை. பழைய புத்தகங்களையும் யாரும் கொளுத்தவில்லை.

எது போகிறது, பதில் என்ன, எப்போது என்ற மூன்றையும் சொல்வதுதான் நல்ல எச்சரிக்கை. அதோடு, பழசைப் படிக்கத் தெரிந்த நாலு பேரும் வேண்டும். கல்வெட்டறிஞர் வெங்கையா வட்டெழுத்தைப் படித்துச் சொன்னதால்தானே அந்த 580 கலம் நெல் நமக்குத் தெரிந்தது!