ஒரு நகரம், நான்கு கனவுகள்!

மரக்காணத்து உப்பளத்திலே, பங்குனி வெயிலிலே, பாத்தியில் படிந்த உப்பைப் பலகை கொண்டு வாரிக் கரையேற்றும் உழைப்பாளியின் மகன் அவன். வகுப்பிலே எழுந்து நின்று நம்மை ஒரு கேள்வி கேட்டான். அன்று நடத்திய பாடம் காஞ்சி மாநகர். சீன நாட்டுப் பயணி யுவான் சுவாங், 640-ஆம் ஆண்டையொட்டி அந்நகரைப் பற்றி எழுதி வைத்தானே, அந்தக் கணக்கைச் சொல்லிக் கொண்டிருந்தோம். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்தப் பள்ளிகள். அவற்றிலே பத்தாயிரம் துறவிகள். எண்பது தேவர் கோயில்கள். ஆடை துறந்த சமண முனிவர் பலர். கரும்பலகையிலே எண்களை எழுதிவிட்டுத் திரும்பினோம்.

"அந்தப் பத்தாயிரம் பேரும் எங்கே போனாங்க, சார்?" என்றான் சிறுவன்.

பாடநூலைப் புரட்டினோம். கோபுரத்தின் உயரம் இருந்தது. மண்டபத்தின் தூண்கள் இருந்தன. மன்னர்களின் பட்டப்பெயர்கள் வரிசை வரிசையாக இருந்தன. அவன் கேட்டதற்கு விடை மட்டும் இல்லை! நாளை சொல்கிறோம் என்று கூறி வகுப்பை முடித்தோம். அந்த நாளைக்காகத் தேடியதை இங்கே தோழர்கள் முன் வைக்கிறோம்.

காஞ்சி ஒரு நகரமா? மண்ணைப் பார்த்தால் ஒன்று. ஏட்டைப் பார்த்தால் நான்கு! சைவர் ஒரு காஞ்சியைக் கண்டனர்: மாமரத்தடியிலே, மணலால் இலிங்கம் பிடித்து, பெருகி வந்த வெள்ளத்திலிருந்து அதைக் காக்க உமையம்மை தழுவிக் கொண்ட காஞ்சி. வைணவர் வேறொரு காஞ்சியைக் கண்டனர்: நான்முகன் வேள்வி செய்ய, ஊடல் கொண்ட கலைமகள் வேகவதி ஆறாகப் பாய்ந்து வர, திருமால் குறுக்கே படுத்து அணையாகத் தடுத்த காஞ்சி. சமணருக்கு ஒரு ஜினகாஞ்சி. பௌத்தருக்கோ மணிமேகலை காட்டும் காஞ்சி: மழை பொய்த்து மக்கள் வாடிய வேளையிலே, அமுதசுரபி ஏந்திய இளந்துறவி வந்து பசி போக்கிய காஞ்சி.

நான்கும் கற்பனை நகரங்கள்தாம். கற்பனை குற்றமா? அன்று, தோழர்களே! கனவு காணாத மக்கள் கலை படைத்ததில்லை. ஆனால், என் கனவிலே உனக்கு இடமில்லை என்று ஒருவன் சொல்லத் தொடங்கும்போது, கனவு கோட்டையாகிறது. கோட்டைக்குக் காவல் வருகிறது. காவலுக்குக் கட்டணம் வருகிறது. கட்டணத்தைக் கட்டுபவன் கனவே காணாத ஏழையாகிறான்!

தொடக்கத்திலே நிலை அப்படியில்லை. சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் எயிற்பட்டினத்தைக் காட்டுகிறது. அது நம் மரக்காணந்தான் என்பது ஆய்வாளர் பலர் கருத்து. அங்கே பாணனை வரவேற்றவர்கள், உன் தெய்வம் எது, உன் நெற்றியிலே என்ன குறி என்று கேட்டார்களா? நுளைச்சியர் காய்ச்சிய தேறலைக் கொடுத்தனர். சுட்ட குழல்மீனைக் கொடுத்தனர். பசித்தவன் உண்டான், பாடினான். அவ்வளவே! பத்துப்பாட்டின் மற்றொரு பாட்டான பெரும்பாணாற்றுப்படையும், விழாக் கொண்டாட்டத்துக்குப் பெயர்பெற்ற பழம்பதியாகவே காஞ்சியைக் காட்டுகிறது. சமயச் சண்டைக்குப் பெயர்பெற்ற ஊராக அன்று.

பிறகு எப்படி மூண்டது போர்? கடவுளரின் பெருமை பற்றிய ஐயமா காரணம்? கல்வெட்டுகளைக் கேளுங்கள், வேறு கதை சொல்லும். பிரமதேயம் என்றொரு நில வகை: பார்ப்பனருக்கு அளித்தது. தேவதானம் என்றொரு வகை: கோயிலுக்கு அளித்தது. பள்ளிச்சந்தம் என்றொரு வகை: சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு அளித்தது. மன்னன் வரியை நீக்கி இறையிலியாக்கிக் கொடுத்தால், விளைச்சலில் அரசுக்குப் போகவேண்டிய பங்கும் அந்த நிறுவனத்துக்கே வரும். ஆக, மன்னன் எந்தச் சமயத்தைத் தழுவினான் என்பது வீடுபேறு பற்றிய கேள்வி மட்டுமன்று. விளைநிலம் பற்றிய கேள்வி!

பத்தாம் நூற்றாண்டில், உத்தம சோழன் காலத்துச் செப்பேடு ஒன்று இதைத் தெளிவாக்குகிறது. காஞ்சியின் ஊரகம் கோயிலுக்குரிய பொன் ஊர்ச்சபைகளிடம் முதலாக வைக்கப்பட்டது. வட்டியாக நெல் வந்தது. கோயிற் பொருளைக் கண்காணிக்கும் பொறுப்பு நகரத்து நெசவாளர் சேரிகளிடம் ஒப்படைக்கப்பட்டது. கோயில் அன்று வழிபடும் இடம் மட்டுமன்று. வங்கி, களஞ்சியம், வேலை கொடுக்கும் பண்ணை! அதன் சாவி எவர் இடுப்பிலே தொங்குவது என்பதற்கே வாதம் நடந்தது, வசை நடந்தது, புராணம் பிறந்தது.

இதை நாம் மட்டுமா சொல்கிறோம்? காஞ்சியை ஆண்ட மன்னனே சொன்னான்! ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் 'மத்தவிலாசம்' என்ற நகைச்சுவை நாடகத்தை வடமொழியிலே எழுதினான். களம் காஞ்சித் தெரு. குடிமயக்கத்திலே தள்ளாடும் காபாலிகன் ஒருவன் தன் கபாலப் பாத்திரத்தைத் தொலைத்துவிடுகிறான். அவ்வழியே வந்த பௌத்தத் துறவிதான் திருடன் என்று பற்றிக் கொள்கிறான். அந்தத் துறவியோ, மதுவையும் மங்கையையும் அனுமதிக்கும் மூலநூல் எங்கேனும் ஒளிந்திருக்காதா என்று ஏங்குபவன்! நடுவராக வருகிறான் ஒரு பாசுபதன். வழக்கு மன்றம் போகலாம் என்று பேச்சு வரும்போது, காபாலிகனின் துணைவி சொல்கிறாள்: விகாரங்களின் செல்வமெல்லாம் இவன் கையிலே, அதைக் கொண்டு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவானே, நாம் எங்கே வெல்வது என்று. இறுதியிலே உண்மை வெளிப்படுகிறது. பாத்திரத்தைக் கவ்விச் சென்றது ஒரு நாய். அதைக் கொண்டுவந்து கொடுப்பவன் ஒரு பித்தன்! மூன்று சமயத்தார் மோதிக்கொண்டது ஒரு நாய் கவ்விய ஓட்டுக்காக. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன், ஓர் அரசன் தன் தலைநகரையே நகையாடி எழுதியிருக்கிறான்! இன்று ஒருவன் எழுதினால் என்ன நேரும் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆனால் அந்த மன்னனின் கதையே பின்னர்ப் புராணமாயிற்று. கடலூரை அடுத்த திருப்பாதிரிப்புலியூர், நம் கரைக்குத் தெற்கே அதே கடலைப் பார்த்து நிற்கும் ஊர். அதன் பழம்பெயர் பாடலி. 458-ஆம் ஆண்டிலே சர்வநந்தி என்ற சமணர் 'லோகவிபாகம்' என்னும் உலக அமைப்பு நூலை எழுதி முடித்த இடம் பாடலி என்று அந்நூலின் வழிவந்த குறிப்பு கூறுகிறது. அத்தகைய கல்விக்கூடம்! பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பாடிய பெரியபுராணமோ வேறு காட்சியைத் தருகிறது. சமணத்தை விட்டுச் சைவம் திரும்பிய திருநாவுக்கரசரை, சமணர் சொற்கேட்ட மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தான், யானையை ஏவினான், கல்லிலே பிணித்துக் கடலிலே எறிந்தான், கல் மிதந்தது, அவர் கரையேறினார். பின்னர் மன்னனும் மனம் மாறினான். பாடலியிலிருந்த சமணப் பள்ளியை இடித்தான். அக்கல்லைக் கொண்டு திருவதிகையிலே சிவனுக்குக் கோயில் எடுத்தான்.

கல் மிதக்குமா? மிதக்காது. அதை விளக்க நமக்கு ஏடு வேண்டியதில்லை. உப்பங்கழியிலே ஒரு கல்லைப் போட்டுப் பார்த்தாலே போதும். ஆனால் கதையின் கடைசிப் பகுதியைக் கவனியுங்கள். பள்ளியை இடிப்பதற்கு அற்புதம் தேவையில்லை, கடப்பாரை போதும்! முற்பகுதியை நம்ப மறுக்கும் நாம், பிற்பகுதியைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஐந்து நூற்றாண்டுக்குப் பிறகு எழுதிய ஒருவர், இடித்ததைப் புகழாக எண்ணிப் பாடினார் என்பதே வரலாற்றுச் செய்தி.

சைவர் மட்டுமா இப்படி? சமணர் மரபிலே ஒரு கதை: அகளங்கர் என்னும் ஆசிரியர் காஞ்சி அவையிலே பௌத்தரை வாதில் வென்றாராம், தோற்றவர்கள் நாடு கடத்தப்பட்டார்களாம். ஒவ்வொரு சமயமும் வென்ற கதையையே எழுதிற்று. தோற்றவனுக்கு நேர்ந்ததைத் தன் பெருமைக்கு அணியாக்கிற்று. நாகப்பட்டினத்திலே இராசராசன் காலத்தில் எழுந்த பௌத்த விகாரத்தின் எச்சமாகக் கருதப்பட்ட பழங்கோபுரம், 1867-இல் கிறித்தவப் பாதிரிமாரின் வேண்டுகோளின்படி ஆங்கில அரசின் ஒப்புதலோடு இடிக்கப்பட்டது. கடப்பாரைக்குச் சமயம் இல்லை, தோழர்களே. கையிலே எடுத்தவனுக்குத்தான் உண்டு!

எனினும், எல்லாம் கடப்பாரையாலேயே முடிந்தது என்று சொன்னால் நாமும் புராணிகராவோம். பௌத்தப் பள்ளிகள் வணிகர் கொடையையும் அரசர் ஆதரவையும் நம்பி நின்றவை. ஆதரவு திசை மாறியபோது வேர் காய்ந்தது. அடியார்களோ மக்கள் மொழியாம் தமிழிலே பாடினர்; ஊர் ஊராய்ச் சென்றனர்; மக்கள் நெஞ்சம் அப்பக்கம் சாய்ந்தது. இதையும் நேர்மையோடு ஏற்க வேண்டும். பகுத்தறிவு என்பது நமக்குப் பிடிக்காத உண்மையையும் எழுதும் துணிவு!

1368-ஆம் ஆண்டுக்கு வருவோம். விசயநகரப் பேரரசிலே சமணருக்கும் வைணவருக்கும் பூசல். சமணர் புக்கராயரிடம் முறையிட்டனர். சிரவணபெளகொளாவில் உள்ள கல்வெட்டு நடந்ததைக் கூறுகிறது. திருவரங்கம், திருமலை, காஞ்சி முதலிய இடங்களின் வைணவப் பெரியோரை வரவழைத்து, சமணரின் கையைப் பிடித்து அவர்கள் கையிலே வைத்து, இரு நெறிக்கும் வேற்றுமை இல்லை என்றார் மன்னர். நல்ல தீர்ப்பு! நாம் பாராட்டுகிறோம். ஆனால் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். சமணர் வீட்டுக்கு ஒரு பணம் ஆண்டுதோறும் செலுத்த வேண்டும். அதைக் கொண்டு அவர்களின் புனிதத் தலத்துக்கு இருபது காவலர் அமர்த்தப்படுவர். அடிபட்டவன் அமைதியாய் வாழ, அவனே காவற்கூலி தரவேண்டும்! பேரரசின் கருணைக்கும் ஒரு விலைச்சீட்டு இருந்தது.

பௌத்தர் போயினர், சமணர் ஒதுங்கினர். பிறகேனும் காஞ்சியிலே பூசல் ஓய்ந்ததா? பகைவன் வெளியே இல்லாதபோது வீட்டுக்குள்ளேயே பிறந்தான்! ஒரே வரதராசர்; ஒரே நாலாயிரப் பாசுரம்; ஆனால் வடகலை என்றும் தென்கலை என்றும் இரு பிரிவு. முதலில் எந்த ஆசாரியரின் வாழ்த்தை ஓதுவது, எவர் முன்வரிசையில் நிற்பது, எந்த வடிவிலே நாமம் இடுவது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலே நீதிமன்றம் ஏறினர். வெள்ளைக்கார நீதிபதிகள் நாமத்தின் வளைவை ஆராயும் நிலை வந்தது! வெள்ளையன் போனான், வழக்குப் போகவில்லை. 2022-ஆம் ஆண்டிலும், ஓதும் உரிமை பற்றி அதே கோயிலின் பூசல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது.

சரி, சிறுவனின் கேள்விக்கு விடை என்ன? அந்தப் பத்தாயிரம் பேரும் எங்கே?

சிலர் கல்லாகிக் கிடக்கின்றனர். 1915-இல் கோபிநாத ராவ் என்னும் ஆய்வாளர், காஞ்சிக் காமாட்சி கோயில் வளாகத்திலும் அதன் சுற்றிலும் புத்தர் சிலைகள் இருப்பதைக் கண்டு எழுதினார். காமாட்சி கோயிலில் இருந்த நெடிய புத்தர் சிலை ஒன்று இன்று சென்னை அருங்காட்சியகத்தில் நிற்கிறது. சமணரின் காஞ்சி, திருப்பருத்திக்குன்றத்திலே ஒரு சிற்றூராய்ச் சுருங்கி, ஓவியம் தீட்டிய விதானத்தோடு நிற்கிறது. இன்னொரு துண்டு நமக்கு மிக அருகிலேயே இருக்கிறது. செஞ்சிப் பக்கம், மேல்சித்தாமூரில் உள்ள தமிழ்ச் சமணரின் மடத்துக்குப் பெயர் ஜினகாஞ்சி மடம்! நகரம் கைநழுவியது; பெயரைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டனர். மற்றவர்களோ எங்கும் போகவில்லை. அவர்களின் உறவினர், மாணவர், அவர்களுக்குச் சோறிட்டவர் எல்லாரும் பெயர் மாறி, நெற்றிக்குறி மாறி, நம்மிலேயே கலந்து நிற்கின்றனர். வென்றவனின் உடலிலும் தோற்றவனின் குருதி ஓடுகிறது!

இது பழங்கதை, இன்று ஏன் என்று எவரேனும் கேட்கலாம். 2023 சூன் மாதத்திலே, நம் விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியில், ஒடுக்கப்பட்ட மக்கள் திரௌபதியம்மன் கோயிலுக்குள் வருவதை மற்றவர் ஏற்க மறுக்க, அதிகாரிகள் கோயிலையே பூட்டி முத்திரையிட்டனர். எவர் கனவு நகரத்தில் எவருக்கு இடம் என்ற அதே கேள்வி! ஏழாம் நூற்றாண்டில் சமயத்தின் பெயரால் நடந்தது, இன்று சாதியின் பெயரால் நம் வாசலிலே நடக்கிறது.

மறுநாள் வகுப்பிலே இவ்வளவையும் சொன்னோம். சிறுவன் அமைதியாகக் கேட்டான். பிறகு, "அந்த நாலு காஞ்சியில எது சார் நல்ல காஞ்சி?" என்றான்.

நாம் சொன்னோம்: நான்கும் கதைதான், தம்பி. அமுதசுரபியும் கதைதான், அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் உலகில் இல்லை. ஆனால் அந்தக் கதையிலே மட்டும், கண்ணில்லாதவனும் காலில்லாதவனும் ஆதரவற்றவனும் வந்தபோது, நீ எந்தச் சமயம் என்று எவரும் கேட்கவில்லை. பசிக்கிறதா என்றுதான் கேட்டார்கள். பாத்திரம் கற்பனை, பசி கற்பனையன்று.

மணி அடித்தது. சத்துணவுக்கூடத்தின் முன் பிள்ளைகள் வரிசையில் நின்றனர். மீனவர் மகன், உப்பளத்தான் மகள், கோயில் பூசாரியின் பேரன், பள்ளிவாசல் தெருப் பிள்ளை எல்லாரும் ஒரே வரிசையில்! தட்டிலே விழுந்த சோற்றிலே நம் ஊர் உப்பு. அது எவர் நெற்றியையும் பார்க்கவில்லை.

கட்டவேண்டிய நகரம் அதுதான், தோழர்களே!